ஒற்றைக் கொழுவும் சிறு டிராக்டரும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கோடை உழவின் பயன்கள் குறித்துத் தங்கள் நாளிதழின் வேளாண் பகுதியில் அண்மையில் வெளிவந்த கட்டுரையை இருமுறை படித்தேன். சித்திரையில் நிலத்தைப் புரட்டிப் போட்டால் மண்ணுக்குள் கிடக்கும் கூட்டுப்புழுக்கள் வெயிலில் மடியும், கோரைக் கிழங்கு மேலே வந்து காயும், கோடை மழைநீர் ஓடிவிடாமல் நிலத்துக்குள் இறங்கும் என்று அதில் எழுதியிருந்தவை யாவும் உண்மையே. ஆனால் கட்டுரையின் கடைசிப் பத்தியில், 25 குதிரைத்திறனுக்குக் குறைந்த டிராக்டர் வைத்திருப்போர் மண்ணைப் புரட்டிப் போடும் இறக்கைக் கலப்பையைப் பற்றி எண்ண வேண்டியதில்லை, பெரிய டிராக்டரை வாடகைக்கு அமர்த்திக்கொள்வதே வழி என்று ஒரே வரியில் முடித்திருந்தார்கள். அந்த ஒரு வரியை மறுத்து எழுதவே இக்கடிதம். கட்டுரையாளர் தவறான எண்ணத்தில் எழுதினார் என்று நான் சொல்லவில்லை. டிராக்டர் விற்பவர்களும், கலப்பை விற்பவர்களும், மானிய விண்ணப்பத்தை வாங்கி வைப்பவர்களும் சொல்லிவருவதையே அவரும் சொல்லியிருக்கிறார்.

நான் பெரம்பலூர் மாவட்டத்தில் மூன்றரை ஏக்கர் கரிசல் நிலத்தில் மக்காச்சோளமும் பருத்தியும், கிணற்றை ஒட்டிய மூலையில் கொஞ்சம் சின்ன வெங்காயமும் பயிரிடுபவன். இந்த மூன்றரை ஏக்கரும் ஒரே இடத்தில் இல்லை. மூன்று துண்டுகளாகக் கிடக்கின்றன, அவற்றுள் ஒன்றுக்குப் போகும் வண்டிப்பாதையில் பெரிய டிராக்டர் நுழைந்தால் பக்கத்து வரப்பு சரியும். 2015-16 ஆம் ஆண்டின் வேளாண் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் ஒரு சாகுபடியாளர் கையில் உள்ள நிலம் சராசரியாக 0.75 எக்டேர், அதாவது இரண்டு ஏக்கருக்கும் குறைவு என்பதால், என் நிலைமை விதிவிலக்கானது அன்று. 22 குதிரைத்திறன் கொண்ட சிறு டிராக்டர் ஒன்றை நான் வாங்கியதும் இந்தக் காரணத்தால்தான்.

இறக்கைக் கலப்பை என்று நான் குறிப்பிடுவது, வளைபலகைக் கலப்பை என்று பாடநூல்கள் கூறுகின்ற, கொழு என்னும் இரும்பு முனை வெட்டிய மண்பாளத்தைத் தன் இறக்கையான வளைந்த இரும்புப் பலகையின் மேலேற்றி வலப்பக்கமாகக் கவிழ்த்துப் போடும் கலப்பையை. நம்மிடம் அன்றாடம் ஓடும் ஒன்பது கொத்துக் கலப்பை மண்ணைக் கீறுமே தவிரப் புரட்டாது. சுழலும் கத்திகள் கொண்ட ரோட்டவேட்டர் மேலுள்ள நான்கு அங்குலத்தைத் தூளாக்கிவிட்டுக் கீழுள்ளதை அப்படியே விட்டுவிடும், ஆண்டுக்கணக்கில் அதையே ஓட்டினால் அதற்கடியில் மண் இறுகித் தளம் போட்டதுபோல் ஆகிவிடும். 2018-இல் படைப்புழு எங்கள் பகுதி மக்காச்சோளத்தைச் சூறையாடியபோதுதான், அறுவடைக்குப் பின் நிலத்தைப் புரட்டிப் போடாமல் விட்டதன் விலை எங்களுக்குத் தெரிந்தது. அப்புழு கூட்டுப்பருவத்தைக் கழிப்பது மண்ணின் மேலடுக்கில், இரண்டு மூன்று அங்குல ஆழத்துக்குள்; அதை வெயிலுக்கும் கொக்கு, மைனாவுக்கும் காட்டிக்கொடுக்க 15 சென்டிமீட்டர் ஆழம் உழுதாலே போதும். ஓரடி ஆழம் தேவையில்லை என்பதை இங்கேயே குறித்துக்கொள்ள வேண்டுகிறேன், ஏனெனில் பின்னால் வரும் கணக்குகள் அனைத்தும் இந்த 15 சென்டிமீட்டரைச் சார்ந்தே நிற்கின்றன.

வாடகை டிராக்டர் ஏன் தீர்வாகவில்லை என்று கேட்கலாம். வேளாண் பொறியியல் துறையின் வாடகை இயந்திரங்களை உழவன் செயலி வழியாகவே பதிவு செய்துகொள்ள முடிகிறது, அதை நான் குறை கூறவில்லை. ஆனால் கரிசல் நிலத்தில் கோடை மழைக்குப் பின் உழவுப் பதம் மூன்று நாள், மிஞ்சினால் நான்கு நாள்தான் நிற்கும். அதற்கு முன் உழுதால் மண் இறக்கையில் அப்பும், அதற்குப் பின் உழுதால் ஆட்டுக்கல் போலக் கட்டி பெயரும். அந்த மூன்று நாளில் ஊரில் உள்ள அத்தனை பேருக்கும் ஒரே டிராக்டர் வேண்டியிருக்கிறது. இரண்டு ஆண்டுகள் நான் வரிசையில் காத்திருந்து, பதம் தப்பிய பிறகே உழுதேன். சொந்தமாக ஒரு டிராக்டர் வாசலில் நிற்கும்போது இப்படிக் காத்திருப்பது எவருக்கும் எரிச்சலூட்டும்.

ஆகவே, பெரிய டிராக்டரை விற்றுவிட்ட உறவினர் ஒருவரிடமிருந்து பழைய இரட்டைக் கொழு இறக்கைக் கலப்பையை வாங்கினேன். வாங்குவதற்கு முன் எங்கள் வட்டாரத்தில் உள்ள விற்பனையாளர் ஒருவரிடம் விசாரித்தேன். 22 குதிரைத்திறன் இருக்கிறதல்லவா, தாராளமாக இழுக்கும், கியரைக் குறைத்து ஓட்டுங்கள் என்றார். கட்டுரையாளர் சிறு டிராக்டரால் முடியவே முடியாது என்கிறார், விற்பனையாளர் எல்லாம் முடியும் என்றார். இருவரும் அளந்தது குதிரைத்திறனை மட்டுமே என்பதுதான் வேடிக்கை. என்ன நடந்ததென்றால், கொழு நிலத்தில் இறங்கிய இருபதாவது அடியில் பின் சக்கரங்கள் நின்ற இடத்திலேயே சுழன்று குழி தோண்டின. இன்ஜின் திணறவே இல்லை. ஒரு சொட்டுக் கரும்புகைகூட வரவில்லை. அப்போதுதான் இது இன்ஜினின் குறை அன்று என்பது எனக்கு உறைத்தது.

கணக்கு எளிமையானது. கலப்பையின் இழுவை என்பது, கொழு வெட்டும் அகலத்தை ஆழத்தால் பெருக்கி, அந்த மண்ணின் எதிர்ப்பால் மீண்டும் பெருக்கினால் கிடைப்பது. மணல் கலந்த செம்மண்ணில் ஒரு சதுர சென்டிமீட்டருக்குக் கால் கிலோ எதிர்ப்பு என்றால், நடுத்தர மண்ணில் அரை கிலோ, கரிசலில் முக்கால் கிலோ, காய்ந்து இறுகிவிட்டால் ஒரு கிலோ வரைகூடப் போகும். என்னிடமிருந்த கலப்பையின் ஒவ்வொரு கொழுவும் 30 சென்டிமீட்டர் அகலம் வெட்டுவது. இரண்டும் சேர்ந்து 60 சென்டிமீட்டர், ஆழம் 20 சென்டிமீட்டர் என்று வைத்தால் 1,200 சதுர சென்டிமீட்டர். கரிசலில் அதற்கு 900 கிலோ இழுவை வேண்டும். என் டிராக்டரின் எடையோ என்னையும் சேர்த்து ஏறத்தாழ 900 கிலோ. இரு சக்கர இழுவை கொண்ட டிராக்டர் வயலில் தன் எடையில் ஐந்தில் இரண்டு பங்கு, நல்ல பிடிமானம் இருந்தால் பாதி, அதாவது 360 முதல் 450 கிலோ வரைதான் இழுக்க முடியும். அதற்கு மேல் கேட்டால் டயர் வழுக்கும். தன் எடைக்குச் சமமான சுமையை இழு என்று நான் அதனிடம் கேட்டிருக்கிறேன்.

அதே கணக்கை ஒரே கொழுவுக்கும் 15 சென்டிமீட்டர் ஆழத்துக்கும் போட்டுப் பார்த்தால், 450 சதுர சென்டிமீட்டருக்குக் கரிசலில் ஏறத்தாழ 340 கிலோதான் வருகிறது. இது டிராக்டரால் இயலக்கூடிய எல்லைக்குள் உள்ளது. மணிக்கு 4 கிலோமீட்டர் வேகத்தில் இந்த 340 கிலோவை இழுக்கத் தேவையான திறன் ஐந்தே குதிரைத்திறன். வழுக்கலிலும் பல்சக்கரங்களிலும் வீணாவதற்கு இன்னொரு மடங்கு ஒதுக்கினாலும் 22-இல் பாதிகூட ஆகாது. அகல உழுவதிலும் ஆழ உழுவது மேல் என்று நம் முன்னோர் சொல்லிவைத்ததை ஆழத்துக்கான அறிவுரையாகவே இதுவரை கேட்டுவந்திருக்கிறேன். அதில் அகலத்தைக் குறைத்துக்கொள் என்ற பாதியும் இருக்கிறது என்பது, பின் கொழுவைக் கழற்றிக் களத்து மேட்டில் வைத்த அன்றுதான் புரிந்தது.

எடை குறைந்த டிராக்டருக்குக் கலப்பையைப் பொருத்துவது இன்று முளைத்த சிக்கல் அன்று. இன்று நாம் எல்லா டிராக்டரிலும் காணும், கருவியைப் பின்புறம் மூன்று இடங்களில் மாட்டும் மூன்று புள்ளி இணைப்பே இந்தச் சிக்கலிலிருந்து பிறந்ததுதான். வட அயர்லாந்தில் 1884-இல் பிறந்த ஹாரி பெர்குசன், முதல் உலகப்போர்க் காலத்தில் உழவு டிராக்டர்களை மேற்பார்வையிடச் சென்ற இடங்களிலெல்லாம், கனமான டிராக்டர் கனமான கலப்பையை வண்டி இழுப்பதுபோல் சங்கிலியில் இழுத்துச் செல்வதைக் கண்டு, கலப்பையை டிராக்டரின் உறுப்பாகவே ஆக்கிவிட்டால் எடை குறைந்த டிராக்டரே போதும் என்ற முடிவுக்கு வந்தார். கீழே இரண்டு கைகள், மேலே டாப் லிங்க் என்னும் ஒரு தண்டு. கொழுவை மண் பின்னுக்கு இழுக்கும் விசை, கைகளின் வழியாகவும் டாப் லிங்கின் வழியாகவும் வந்து பின் சக்கரங்களைத் தரையோடு அழுத்துகிறது. மண் எதிர்க்க எதிர்க்க டயருக்குப் பிடி கூடுகிறது. 1946 முதல் 1956 வரை இங்கிலாந்தின் கவென்ட்ரியில் ஐந்து லட்சத்துக்கும் மேல் தயாரான அவருடைய சாம்பல் நிற டிராக்டரின் எடை ஒரு டன்னுக்குச் சற்றே அதிகம். 1960-இல் சென்னையில் தொடங்கப்பட்ட டாஃபே நிறுவனம் மாசி பெர்குசன் டிராக்டர்களைத் தயாரித்ததால், அப்பெயர் நம் ஊர்களிலும் இரண்டு தலைமுறையாகப் புழங்குகிறது. ஒரு டன் டிராக்டருக்கு என்றே கலப்பையை அளந்து செய்தவரின் பெயரை முகப்பில் தாங்கிய வண்டிகள் ஓடும் நாட்டில், சிறு டிராக்டருக்கு உழவுக் கலப்பை ஒத்துவராது என்று எழுதுவது எனக்குச் சற்று வருத்தமாகவே இருந்தது.

இனி, நான் செய்த இரண்டாவது தவற்றைச் சொல்ல வேண்டும், ஏனெனில் ஒற்றைக் கொழுவாக மாற்ற முயலும் பெரும்பாலோர் இடறுவது இங்கேதான். பின் கொழுவைக் கழற்றிவிட்டு, மற்றதை அப்படியே மாட்டி ஓட்டினேன். டிராக்டர் இழுத்தது, சக்கரம் வழுக்கவில்லை. ஆனால் கலப்பை ஒரு நிலையில் நிற்காமல் பாம்பு போல நெளிந்து சென்றது. 30 சென்டிமீட்டர் வெட்ட வேண்டிய கொழு பாதி அகலமே வெட்டியது, மறுபாதி முந்தைய சாலின், அதாவது ஏற்கெனவே உழுத பள்ளத்தின், வெற்றிடத்தில் காற்றைக் கிழித்துக்கொண்டு போனது. கலப்பையைத் திட்டிவிட்டு வீட்டுக்கு வந்து, அளவு நாடாவை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன்.

உழும்போது டிராக்டரின் வலப்பக்கச் சக்கரங்கள் முந்தைய சாலுக்குள் ஓடுகின்றன, டயரின் உட்பக்கம் சால் சுவரை ஒட்டிச் செல்கிறது. அந்தச் சுவரிலிருந்து இடப்பக்கமாகக் கொழு வெட்டும் அகலம் எவ்வளவோ, அவ்வளவு தூரத்தில் கலப்பையின் பக்கத்தட்டு, அதாவது புதிய சால் சுவரை உரசிச் செல்லும் இரும்புப் பட்டை, இருக்க வேண்டும். பெரிய டிராக்டரில் இரு பின் டயர்களுக்கும் இடையே உள்ளிடைவெளி ஒரு மீட்டர் என்று கொண்டால், நடுக்கோட்டிலிருந்து சால் சுவர் 50 சென்டிமீட்டர் தள்ளியிருக்கும். ஆகையால் முன் கொழுவின் பக்கத்தட்டு நடுக்கோட்டுக்கு வலப்புறம் 20 சென்டிமீட்டரில் அமைந்திருக்கும். என் டிராக்டரில் டயர்களின் உள்ளிடைவெளி 70 சென்டிமீட்டர்தான். நடுக்கோட்டிலிருந்து சுவர் 35 சென்டிமீட்டர். பக்கத்தட்டோ பழைய 20 சென்டிமீட்டரிலேயே நிற்கிறது. மீதி 15 சென்டிமீட்டர் மட்டுமே கொழுவுக்குக் கிடைத்த மண். வயலில் நான் கண்ட பாதி வெட்டு, நாடாவிலும் பிசகாமல் பாதியாகவே வந்ததைப் பார்த்தபோது, ஒரு பக்கம் வெட்கமாகவும் ஒரு பக்கம் மகிழ்ச்சியாகவும் இருந்தது.

ஆக, கலப்பை முழுவதையும் டிராக்டரின் நடுக்கோட்டை நோக்கி இடப்பக்கமாக 15 சென்டிமீட்டர் நகர்த்த வேண்டும். கலப்பையை நகர்த்துவது என்றால், டிராக்டரின் கைகளில் மாட்டும் இரும்பு முளைகளான பின்கள் பொருந்தியுள்ள குறுக்குத் தண்டில் அப்பின்களை வலப்பக்கமாக அதே அளவு தள்ளி வைப்பது என்று பொருள். இந்தத் திசையை மாற்றிச் செய்துவிட்டால் நிலைமை இரட்டிப்பாகக் கெடும். பின்களைத் தள்ளும்போது, டாப் லிங்க் மாட்டும் நிமிர்ந்த சட்டத்தையும் அதே அளவு தள்ளி இரு பின்களுக்கும் நடுவில் கொண்டுவர வேண்டும். இதைப் பட்டறைக்காரர் முதலில் மறந்துவிட்டார், நானும் கவனிக்கவில்லை, ஒரு நாள் வீணாயிற்று.

பின்களின் அளவிலும் வேறுபாடு உண்டு. 45 குதிரைத்திறன் டிராக்டருக்கான கலப்பைகளில் பெரும்பாலும் இரண்டாம் வகை இணைப்பு இருக்கும்: கீழ்ப்பின் 28 மில்லிமீட்டர், மேற்பின் 25 மில்லிமீட்டர், இரு கீழ்ப்பின்களுக்கும் இடையே ஏறத்தாழ 82 சென்டிமீட்டர். சிறு டிராக்டர்களில் முதல் வகை: கீழ்ப்பின் 22, மேற்பின் 19 மில்லிமீட்டர், இடைவெளி 68 சென்டிமீட்டர். சிறிய பின்னைப் பெரிய துளையில் மாட்ட, இடைவெளியை நிரப்பும் குழல் வளையமான புஷ் போட்டால் போதும். நம் சிக்கல் அதற்கு நேர்மாறானது. பெரிய பின் சிறிய துளையில் நுழையாது. அதைக் கடைந்து மெலிதாக்கலாம் என்று ஒருவர் யோசனை சொன்னார். கடைந்த பின்னில் பருமன் திடீரென மாறித் தோள் விழும் இடத்திலேயே முறிவு தொடங்கும் என்பதால் நான் அதற்கு ஒப்பவில்லை; கலப்பையை முதன்முதலில் மாட்டும் முன்பே, சரியான அளவில் புதிய குறுக்குத் தண்டும் பின்களுமே செய்யச் சொன்னேன்.

இரட்டைக் கொழுக் கலப்பையில் முன் கொழுவின் பக்கத்தட்டு குட்டையாகவும், பின் கொழுவினுடையது நீளமாகவும் இருக்கும். மண்ணைப் புரட்டும்போது கலப்பை முழுவதும் இடப்பக்கமாகத் தள்ளப்படும் விசையைப் பெரும்பாலும் தாங்குவது அந்த நீண்ட பட்டைதான். பின் கொழுவைக் கழற்றும்போது அந்தத் தாங்கலும் போய்விடுகிறது என்பதைப் பலரும் கவனிப்பதில்லை. கழற்றி வைத்த பின் கொழுவின் நீண்ட பக்கத்தட்டை எடுத்து முன் கொழுவில் பூட்டினேன். துளைகள் பொருந்தின, நெளிவு பெருமளவு நின்றது. செலவில்லாமல் கிடைத்த தீர்வு இது ஒன்றுதான்.

அடுத்தது சாய்வு. வலச் சக்கரங்கள் 15 சென்டிமீட்டர் தாழ்ந்த சாலில் ஓடும்போது டிராக்டர் வலப்பக்கம் சாயும். பெரிய டிராக்டரில் இது பெரிதாகத் தெரியாது. டயர்களின் நடுவுக்கு நடு 90 சென்டிமீட்டரே உள்ள என் டிராக்டரில் ஏறத்தாழ பத்து டிகிரி சாய்கிறது. டிராக்டர் சாய்ந்தாலும் கலப்பை நிலத்துக்கு மட்டமாக நிற்க வேண்டும், இல்லையேல் கொழுவின் ஒரு முனை ஆழமாகவும் மறுமுனை மேலாகவும் வெட்டிச் சாலின் அடி சரிவாகும். இதற்கு வயலில் அலைந்து திருத்த வேண்டியதில்லை. சிமெண்டுத் தரையில் இடப்பக்கச் சக்கரங்கள் இரண்டுக்கும் அடியில் உழவு ஆழத்துக்குச் சமமான கட்டைகளை வைத்து, டிராக்டரை அதன்மேல் ஏற்றி நிறுத்தி, கலப்பையைத் தரையில் இறக்கி, கீழ்க்கையைத் தூக்கும் வலப்பக்கத் தூக்குத் தண்டைச் சுருக்கிச் சுருக்கி மட்டத்துக்குக் கொண்டுவரலாம். பிறகு டாப் லிங்க். அதைச் சுருக்கினால் கொழுமுனை குனிந்து மண்ணில் பாயும், நீட்டினால் கலப்பையின் பின்முனையான குதிகால் தரையில் உட்கார்ந்து கொழு இறங்க மறுக்கும். புதிய கொழுவின் அடியில் முனைக்கும் குதிகாலுக்கும் நேராக ஒரு கம்பியைப் பிடித்தால் நடுவில் மூன்று முதல் ஐந்து மில்லிமீட்டர் இடைவெளி தெரிய வேண்டும். அந்த இடைவெளிதான் கொழுவை மண்ணுக்குள் இழுக்கிறது. அது தேய்ந்துபோன கொழுவை வைத்துக்கொண்டு டாப் லிங்கை எவ்வளவு திருகினாலும் பயனில்லை. கல்லை ஏற்றி அமுக்கிப் பார்ப்போரும் உண்டு, அதனால் இழுவை கூடுமே தவிர ஆழம் கூடாது.

கரிசல்காரர்கள் அறிய வேண்டிய ஒன்று இறக்கையின் வடிவம். முழுத்தகடாக உள்ள இறக்கையில் ஈரக் கரிசல் அப்பிக்கொண்டு, மண் இரும்பின் மேல் வழுக்குவதற்குப் பதிலாக மண்ணின் மேல் மண் உரசத் தொடங்கிவிடும்; இழுவை ஏறும், புரட்டலும் நடக்காது. பட்டை பட்டையாக இடைவெளி விட்டுச் செய்த இறக்கைகள் இந்தக் காரணத்துக்காகவே உள்ளன. நான் இன்னும் முழுத்தகட்டு இறக்கையையே பயன்படுத்துகிறேன். பயன்படுத்தாத நாளில் துரு ஏறாமல் கழிவு எண்ணெய் பூசி வைப்பதும், பதம் பார்த்து உழுவதும் ஓரளவு கைகொடுக்கின்றன. செம்மண் நிலத்தாருக்கு இந்தத் தொல்லை அவ்வளவாக இல்லை.

குறைகளையும் மறைக்காமல் சொல்வதே முறை. 30 சென்டிமீட்டர் அகலத்தில் மணிக்கு 4 கிலோமீட்டர் வேகத்தில் உழுதால், திருப்பங்களில் போகும் நேரத்தையும் சேர்த்து ஓர் ஏக்கருக்கு நான்கு மணி நேரத்துக்கும் மேலாகிறது. வேகத்தைக் கூட்டி இதைச் சரிக்கட்ட முடியாது. இறக்கைக் கலப்பையின் இழுவை வேகத்தின் இருமடிக்கு ஏற்ப உயர்கிறது, மண்ணும் தேவையில்லாமல் தூரமாக எறியப்படுகிறது. வாடகைக்கு ஓட்டிப் பிழைக்க நினைப்பவருக்கு இந்த ஏற்பாடு கட்டுப்படியாகாது. மூன்றரை ஏக்கரை இரண்டு மூன்று நாள் காலையிலும் மாலையிலும் தானே உழுதுகொள்ள நினைப்பவருக்கு இதில் குறையில்லை. நெல் வயலில் சேற்றுழவுக்கும் இது பொருந்தாது என்பதால் டெல்டா நண்பர்கள் இதை வேறு வகையில் எடுத்துக்கொள்ள வேண்டாம்.

பட்டறையில் மாற்றி அமைக்கும்போது சில எச்சரிக்கைகள் உண்டு. கலப்பையின் முதன்மைச் சட்டத்தில் வெல்டிங் வைத்து வெட்டி ஒட்டுவதை நான் தவிர்த்தேன். தகடும் யூ-போல்ட்டும் கொண்டு இறுக்கினால், தவறினாலும் திருத்திக்கொள்ளலாம், வெல்டிங்கின் சூட்டில் சட்டம் நொய்ந்துபோகும் அச்சமும் இல்லை. போல்ட்டின் தலையில் 8.8 என்ற எண் பொறித்திருக்கிறதா என்று பார்த்து வாங்க வேண்டும். கொழு கெட்டிப்படுத்திய எஃகு என்பதால் சாதாரண வெல்டிங் ராடு வைத்துப் பற்றவைத்தால் அந்த ஓரத்திலேயே விரிசல் விடும். எல்லாவற்றுக்கும் மேலாக, கலப்பை இறங்காமல் அடம்பிடிக்கும்போது சிலர் டாப் லிங்க் மாட்டும் இடத்தில் சங்கிலியைக் கட்டி இழுக்கிறார்கள். இழுவை பின் அச்சுக்கு மேலே சென்றுவிட்டால், 900 கிலோ டிராக்டர் முன்பக்கம் தூக்கிக்கொண்டு ஓட்டுநர்மேல் கவிழ ஓரிரு நொடி போதும். முன்புறம் எடைக்கட்டிகள் மாட்டுவதையும் நான் கலப்பையோடு சேர்ந்த செலவாகவே கருதுகிறேன்.

இவ்வளவையும் ஒரு விவசாயி நாடாவும் தவறுகளும் கொண்டு தானே கண்டுபிடிக்க வேண்டியிருக்கிறது என்பதே என் முறையீடு. மத்திய அரசின் வேளாண் இயந்திரமயமாக்கல் துணை இயக்கத்தின் மானியப் பட்டியல் டிராக்டர் கருவிகளை 20 குதிரைத்திறனுக்குக் கீழ், 20 முதல் 35 வரை, 35-க்கு மேல் என்று பிரிக்கிறது. ஒரே 22 குதிரைத்திறனில் 600 கிலோ டிராக்டரும் இருக்கிறது, 1,000 கிலோ டிராக்டரும் இருக்கிறது. இரண்டும் ஒரே கலப்பையை இழுக்கும் என்று அப்பட்டியலை நம்பி வாங்குபவர் எண்ணினால் அது அவர் தவறாகாது. கலப்பை ஒவ்வொன்றின் மேலும் நான்கு விவரங்களைப் பொறிக்கச் செய்தால் போதும்: வெட்டும் அகலம், அதை இழுக்க வேண்டிய டிராக்டரின் குறைந்தபட்ச எடை, பொருந்தக்கூடிய டயர் உள்ளிடைவெளி, இணைப்பின் வகை. இதற்குப் புதிய சட்டமோ புதிய நிதியோ வேண்டியதில்லை, ஒரு தகடும் நான்கு ஆணியும் போதும். பின்களை இடவலமாக நகர்த்தும்படியாகக் குறுக்குத் தண்டில் துளைகளை வரிசையாகவே போட்டு விற்பனைக்கு அனுப்பினால், பட்டறை வேலையே தேவைப்படாது.

கோவையில் உள்ள தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்திலும், திருச்சிக்கு அருகே குமுளூரில் உள்ள வேளாண் பொறியியல் கல்லூரியிலும் இழுவையை அளக்கும் கருவிகளும் அதை அறிந்த ஆசிரியர்களும் இருக்கிறார்கள். கரிசல், செம்மண் என்ற இரண்டு மண்ணில், விற்பனையில் உள்ள நான்கைந்து சிறு டிராக்டர்களில் ஒற்றைக் கொழுவை மாட்டி ஓட்டிப் பார்த்து, எந்த எடைக்கு எந்த அகலம், எந்த ஆழம் என்று ஒரு பக்க அட்டவணையாகத் தமிழில் வெளியிட்டால், அதைத் தங்கள் நாளிதழ் வேளாண் பகுதியில் அச்சிட முன்வரும் என்று நம்புகிறேன். நான் மேலே கொடுத்த எண்கள் என் டிராக்டருக்கும் என் நிலத்துக்கும் உரியவை. அவற்றை அப்படியே எடுத்துக்கொள்ளாமல், அவரவர் தங்கள் டயர்களின் உள்ளிடைவெளியை அளந்து, அதில் பாதியிலிருந்து கொழுவின் அகலத்தைக் கழித்து, பக்கத்தட்டு நடுக்கோட்டிலிருந்து எவ்வளவு தள்ளி நிற்க வேண்டும் என்று பார்த்துக்கொள்ள வேண்டும்.

கழற்றி வைத்த பின் கொழு இன்னும் என் களத்து மேட்டில் கிடக்கிறது. சிறு டிராக்டர் வைத்திருக்கும் பக்கத்து ஊர் விவசாயி ஒருவர், அதற்குத் தனியாக ஒரு சட்டம் அடித்துத் தம் டிராக்டரில் மாட்டிக்கொள்ளக் கேட்டிருக்கிறார். அதன் பக்கத்தட்டு என்னிடம் வந்துவிட்டதால், அவருக்கு முதலில் நீளமான பக்கத்தட்டு ஒன்று செய்தாக வேண்டும். வரும் ஞாயிற்றுக்கிழமை இருவரும் பட்டறைக்குப் போகிறோம்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
சிறு விவசாயி ஒருவர்,
பெரம்பலூர் மாவட்டம்.